மருந்துக்கு முன் எடுத்த வாக்குமூலம்

நான் ஒரு படிவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உண்மை ஆணைக்குழுவில் வாக்குமூலப் பதிவாளர் வேலை, பெயர் அருமைநாதன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன் சொல்வதை ஒலிப்பதிவு செய்வேன், படிவம் ஏழில் எழுதுவேன், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன். சண்டை முடிந்து இருபது வருடம் இழுத்தடித்து அமைத்த ஆணைக்குழு அது. அமைத்து நாலு மாதம் ஆகவில்லை, உலகம் முழுக்கத் தடக்காய்ச்சல் பரவிவிட்டது. எங்கள் சனத்தின் ராசியை என்னவென்று சொல்வது!

அன்று காலை பத்து மணிக்கு டொக்டர் வாகீசினி போன் எடுத்தார். எங்கள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தைக் காய்ச்சல் நிலையமாக மாற்றியிருந்தார்கள். அவர்தான் அதற்குப் பொறுப்பு.

"அருமைநாதன், உங்கடை சாட்சி ஒராள் மருந்து எடுக்கமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறா. யோகம்மா. இண்டைக்கு மூண்டாம் நாள்."

நாலாம் நாளுக்குள் மருந்து எடுக்காவிட்டால் பிறகு எடுத்தும் பயனில்லை. பத்துப் பேரில் ஆறு பேர் போய்விடுவார்கள். நான் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

யோகம்மா ஒன்பதாம் வகுப்பு அறையில் படுத்திருந்தார். வயது அறுபத்தொன்று. சந்தையில் கருவாடு விற்பவர். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு இன்னும் அழிபடாமல் இருந்தது.

"டொக்டர் உங்களுக்கு விளங்கப்படுத்தினவவோ அம்மா?" என்று கேட்டேன்.

"விளங்கினபடியாத்தான் வேண்டாம் எண்டுறன். பிள்ளை, நீங்களே இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

வாகீசினி பொறுமைசாலி. அன்றைக்கு நாற்பதாவது தடவையாக அதைச் சொல்லியிருப்பார். "இந்தக் கிருமி மூளைக்குள்ள எங்கை போய் ஒளிக்குது தெரியுமோ? நாங்கள் திரும்பத் திரும்ப நினைக்கிற இடத்தில. ஒரு கதையை ஒரே மாதிரி ஆயிரம் தரம் சொன்னா மூளையில தடம் விழும், ஒற்றையடிப்பாதை மாதிரி. ஆக ஆழமான தடம் எதுவோ, அதுக்குள்ள போய்க் குடியிருக்கும். மருந்து கிருமியை அழிக்கேக்கை அந்தத் தடத்தையும் சேர்த்து அழிச்சுப்போடும்."

"அப்ப ஆக்களையே மறந்துபோவினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. முகம், பேர், பாசம் எல்லாம் கன இடத்தில பரவிக் கிடக்கு. அதுகளுக்கு ஒண்டும் ஆகாது. சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த அந்த ஒரு கதைதான் போகும்."

இதில் சிரிப்பும் இருந்தது. ஒரு பள்ளிக்கூட அதிபர் பதினாலு வருடமாகப் பேசிய பரிசளிப்பு விழா உரையை மறந்துபோனார். மாணவர்கள் கிருமிக்கு நன்றி சொன்னார்கள். என் மைத்துனருக்குக் கனடா விசா மறுத்த கதை போய்விட்டது, வீடு அமைதியானது. ஆனால் தெற்கில் விசாரணைக்கு அழைத்த சில பெரிய மனிதர்களுக்கு, அழைப்பாணை கிடைத்த கையோடு காய்ச்சலும் வந்தது. மருந்தை எடுத்துவிட்டு, எல்லாம் மறந்துவிட்டது என்று வைத்திய அத்தாட்சியுடன் வந்தார்கள். அதில் ஒருவருக்கு உண்மையில் மறந்துபோனது தான் வென்ற கொல்ஃப் ஆட்டம் என்று பிறகு தெரிந்தது. நினைத்திருந்தால்தானே மறக்கும்! என்றாலும் அத்தாட்சி அத்தாட்சிதான், அவரை விட்டுவிட்டார்கள்.

"இருபது வருசமா நான் வேற என்னத்தை நினைச்சனான்?" என்றார் யோகம்மா. "மருந்து எடுத்தா என்ரை பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போன நாள்தானே போகும்? பதினொரு நாளில விசாரணை. அங்கை போய் நிண்டு நான் என்னத்தைச் சொல்ல?"

"இப்ப என்னட்டைச் சொல்லுங்கோ அம்மா. நான் பதியிறன். பிறகு மருந்தை எடுங்கோ. காய்ச்சல் காலத்துக்கெண்டு ஆணைக்குழு சுற்றறிக்கை விட்டிருக்கு. மருந்துக்கு முதல் சொன்னது செல்லும். பிறகு ஒருக்கா உங்களுக்கு வாசிச்சுக் காட்டவேணும், அவ்வளவுதான். ஞாபகம் இருக்கோ இல்லையோ, கேட்டாப் போதும்."

"நீங்கள் வாசிக்கேக்கை எனக்கு அது வேற ஆற்றையோ கதை மாதிரி இருக்குமே தம்பி."

அதற்குப் படிவத்தில் இடமில்லை. நான் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினேன்.

"பிலோமினாவின்ரை யூட் அண்டைக்குப் பச்சைச் சேட்டுப் போட்டிருந்தவன்..." என்று தொடங்கினார்.

"அம்மா, உங்கடை மகன்ரை பேர் இளங்குமரனெல்லோ?"

"ஓம். இது பிலோமினாவின்ரை பெடியன். அவ போனமாசம் இந்தக் காய்ச்சலிலதான் செத்தவ. அவவின்ரையைச் சொல்லிப்போட்டு..."

"படிவத்தில ஒராளுக்கு ஒரு பிள்ளைதான். உங்கடையைச் சொல்லுங்கோ. நேரமில்லை."

கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல் நூற்றிரண்டு. மறுபடி தொடங்கினார்: "உப்பளச் சந்தியில லொறி நிண்டது. வாடகை லொறி. முன்கண்ணாடியில மஞ்சள் பூமாலை தொங்கினது..."

"இது உங்கடை மகன்ரையோ?"

"இல்லை, யூட்டின்ரை."

"அம்மா, தயவுசெய்து."

மூன்றாம் முறையும் அங்கேயே போனார். "பிலோமினா லொறிக்குப் பின்னால ஓடினவ. றைவர் திரும்பிப் பார்த்தவன். அவவின்ரை கையில..."

"அம்மா!" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

அதன்பிறகு இளங்குமரனைப் பற்றிச் சொன்னார். தட்டுத்தடுமாறிச் சொன்னார். செவ்வாயா புதனா என்று குழம்பினார், முன்னுக்குப் பின் போனார், இரண்டு தரம் அழுது நிறுத்தினார். காய்ச்சல் வேகம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வாகீசினி மருந்தை ஏற்றினார். ஒரு உயிரையும் ஒரு வாக்குமூலத்தையும் ஒரே காலையில் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்து வாசித்துக் காட்டப் போனேன். எங்கள் அலுவலகம் இருக்கும் மாவட்டச் செயலகத்துக்கு எதிரே, வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் ஒன்பது வருடமாகப் போராட்டம் நடத்தும் தகரக் கொட்டகை இருக்கிறது. இருபத்திமூன்று பேர் இருந்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு பதினாலு பேர். யோகம்மா மெலிந்து, ஆனால் நன்றாகவே உட்கார்ந்திருந்தார்.

வாசித்தேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செருப்பை விட்டிட்டியள்," என்றார்.

"என்ன அம்மா?"

"குமரன் ஒரு செருப்போடைதான் போனவன். மற்றது வாசல் படலையடியில கிடந்தது. அண்டைக்குச் சொல்ல மறந்துபோனன், எழுதுங்கோ."

"அம்மா! உங்களுக்கு ஞாபகம் இருக்கு!"

கொட்டகையே எழும்பிவிட்டது. ஒருவரை ஒருவர் தொடக்கூடாது என்ற சட்டத்தை மறந்து கட்டிப்பிடித்தார்கள். ஞானமலர் என்ற அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர்தான் அங்கே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்பவர். "சரி சரி, நேரம் போகுது, இண்டையானைத் தொடங்குவம்," என்றார்.

"என்னத்தை?" என்று கேட்டேன். நாலு மாதமாக அந்த வழியால் போய்வருகிறேன், ஒருநாள்கூட நின்று கேட்டதில்லை.

"காலமை ஒவ்வொரு பிள்ளையின்ரை கதையையும் சொல்லுவம் தம்பி. பெத்தவள் சொல்லுறேல்லை. தன்ரையைத் தானே சொல்ல வெளிக்கிட்டா பாதியில குரல் போயிடும். வாற பத்திரிகைக்காரர் அழுகையைப் படம் எடுத்துக்கொண்டு போயிடுவினம், பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை மாத்திக்கொண்டம். பக்கத்தில இருக்கிறவவின்ரை பிள்ளையை நான் சொல்லுவன். என்ரையை மற்றவ சொல்லுவா. ஒன்பது வருசமா இதுதான்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"யோகம்மாக்கா, நீங்கள் பிலோமினாவின்ரையைச் சொல்லுங்கோ."

யோகம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிலோமினாவுக்கு யூட் எண்டு ஒரு பெடியன். நல்ல சிரிச்ச முகம். அவனை..." நிறுத்தினார். கைகளைப் பார்த்தார். பிறகு ஞானமலரைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டார்: "அவனை எங்கை வைச்சுப் பிடிச்சவங்கள்?"

ஒன்பது வருடம், ஒவ்வொரு காலையும், ஒரே ஒழுங்கில் யோகம்மா சொல்லி வந்தது தன் மகனின் கதையை அல்ல. ஆக ஆழமான தடம் யூட்டினுடையது. மருந்து அதைத்தான் எடுத்துப் போயிருந்தது. பிலோமினா ஒரே ஒரு சாட்சி, அவருக்கு வேறு சொந்தமும் இல்லை. நாங்கள் அவரிடம் வாக்குமூலம் எடுக்க முதலே இறந்துவிட்டார்.

மற்றவர்களைக் கேட்டேன். பச்சைச் சேட்டு என்றார் ஒருவர். லொறி என்றார் இன்னொருவர். ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை தான் சொல்லவேண்டியதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குமேல் யாரிடமும் இல்லை.

"சாகிற அண்டைக்கு போனில என்னோடை கதைச்சவ," என்றார் யோகம்மா. "'நீ இருக்கிறாய்தானே, எனக்குப் பயமில்லை' எண்டவ. நான் உங்களுக்கு யூட்டைப் பற்றிச் சொன்னனானோ தம்பி?"

"சொல்ல வெளிக்கிட்டனீங்கள் அம்மா."

"பிறகு?"

ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன். அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மூன்று தொடக்கங்கள், மூன்று இடத்திலும் என் குரல். என் குரலை வெட்டிவிட்டால் யூட்டுக்கு மிஞ்சுவது இருபத்தாறு விநாடி. எனக்கு என்மேல் அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அடுத்த நாள் அதைக் கொண்டுபோய் யோகம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். நாலு தரம் கேட்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

விசாரணை செயலக மண்டபத்தில் காணொளி மூலம் நடந்தது. தலைநகரில் மூன்று நீதிபதிகள், முகக்கவசத்தோடு. நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. வீட்டுக்குள்ளும் வார்டுக்குள்ளும் அடைபட்டிருந்த சனத்துக்குப் பார்க்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. இளங்குமரனின் வாக்குமூலத்தை வாசித்தேன். யோகம்மா செருப்பையும் சேர்த்துச் சொன்னார். நீதிபதி நன்றி சொல்லி முடிக்கப் பார்த்தார்.

"ஐயாமார், அம்மா, எனக்கு இன்னொரு பிள்ளை இருக்கு," என்றார் யோகம்மா. "பிலோமினாவின்ரை யூட். அண்டைக்குப் பச்சைச் சேட்டுப் போட்டிருந்தவன். உப்பளச் சந்தியில லொறி நிண்டது. வாடகை லொறி. முன்கண்ணாடியில மஞ்சள் பூமாலை தொங்கினது. பிலோமினா லொறிக்குப் பின்னால ஓடினவ. றைவர் திரும்பிப் பார்த்தவன். அவவின்ரை கையில..."

அங்கே நின்றுவிட்டார்.

நடுவில் இருந்த பெண் நீதிபதி, "பிறகு?" என்று கேட்டார்.

"பிறகு இந்தத் தம்பி என்னை நிப்பாட்டிப்போட்டார்."

அதில் குற்றச்சாட்டே இல்லை. பிறகு மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். பதிவாளர் விசாரணையில் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. நான் எழும்பினேன். "ஓம், நான்தான் நிப்பாட்டினன். மூண்டு தரம். படிவத்தில இடமில்லை எண்டு நிப்பாட்டினன்," என்றேன். அதையும் பதிவு செய்தார்கள். சாட்சி இல்லாததால் யூட்டின் விடயத்தை மேலே கொண்டுபோக முடியாது என்று நீதிபதி அனுதாபத்தோடு சொன்னார்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு என் அலுவலகத்துக்குக் காணொளி அழைப்பு வந்தது. தெற்கே ஒரு காய்ச்சல் வார்டு. தாதி ஒருவர் போனைப் பிடித்திருந்தார். கட்டிலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் குணபால. சிங்களத்தில்தான் பேசினார், எனக்கு அது நன்றாகவே தெரியும். 'ஐயா' என்பதற்கு 'மாத்தயா' என்றார்.

"நேற்று டீவியில் பார்த்தேன், மாத்தயா. அந்த அம்மா சொன்ன லொறி என்னுடையது."

ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எனக்கு இன்றைக்கு நாலாம் நாள். இரண்டு மணிக்குள் மருந்து எடுக்கவேண்டும். எடுத்தால் அதிகம் நினைத்தது போய்விடும் என்று டொக்டர் சொன்னார். வாயை மூடிக்கொண்டு எடுங்கள் அப்பா, எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறான் என் மகன். எனக்கும் போகட்டும் என்றுதான் இருந்தது. இருபது வருடமாக அதற்குத்தானே கும்பிட்டேன். ஆனால் அந்த அம்மா பாதியில் நின்றுவிட்டார்."

"நீங்கள் சொன்னால் உங்கள்மேல் வழக்கு வரும்," என்றேன். அதைச் சொல்ல எனக்கு மனமே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தாலும் என்னால் இருக்க முடிந்திருக்காது.

"தெரியும், மாத்தயா. எழுதுங்கள்."

நான் வீதியைக் கடந்து கொட்டகைக்கு ஓடி யோகம்மாவிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மனுசன் மருந்து எடுத்திட்டாரோ?"

"இல்லை அம்மா. ரெண்டு மணிவரைதான் நேரம்."

"அப்ப ஏன் என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? நடவுங்கோ!"

படிவத்தை எடுக்கவே இல்லை. கருவியை மட்டும் அழுத்தினேன். குணபால சொல்லச் சொல்ல யோகம்மாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றபடி வாயைத் திறக்கவில்லை.

சந்தைக்கு மரக்கறி ஏற்றி வந்த லொறியைச் சோதனைச்சாவடியில் மறித்து வேலைக்கு எடுத்தார்கள். அடையாள அட்டை இல்லாத பெடியன்கள் பதினொரு பேரை ஏற்றினார்கள். பச்சைச் சேட்டுக்காரன்தான் கடைசி. அவனுடைய தாய் அட்டையை எடுத்து வருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் திரும்புவதற்குள் லொறியை எடுக்கச் சொன்னார்கள்.

"திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் அந்த அட்டையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு வந்தாள். பிரேக்கில் கால் வைத்தேன். அருகில் இருந்தவன், போ என்றான். காலை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் மாத்தயா. வைத்த காலை எடுத்துவிட்டேன்."

மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இறக்கினார்கள். அங்கே ஒரு கிணறு. அவரைப் படலைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். வெடிச் சத்தங்களை எண்ணினார். பதினொன்று. வெறும் லொறியோடு வீட்டுக்குப் போனார். அதைத் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாரே தவிர ஒருவருக்கும், மனைவிக்குக்கூட, சொன்னதில்லை.

முடியும்போது ஒன்று இருபத்தைந்து. யோகம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி அழுதுகொண்டிருந்தார். குணபால மன்னிப்புக் கேட்கவில்லை, யோகம்மா கொடுக்கவும் இல்லை. "கேட்டிட்டம் எண்டு சொல்லுங்கோ," என்றார். "கெதியா மருந்தை எடுக்கச் சொல்லுங்கோ."

ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் தோண்டத் தொடங்கிய கிழமை, மருந்து எடுத்துத் தேறிய குணபாலவுக்குச் சுற்றறிக்கைப்படி வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. யோகம்மாவும் என் பக்கத்தில் இருந்தார். திரையில் குணபால தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அரசாங்கத்து ஆள் ஏன் கூப்பிடுகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. விதிப்படி நான் முதலில் வாசிக்கவேண்டும், யார் சொன்னது என்பதைப் பிறகுதான் சொல்லவேண்டும்.

வாசித்தேன். அடையாள அட்டை வந்த இடத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கிணற்றடியில் கண்ணீர் வழிந்தது. துடைக்காமலே கடைசிவரை கேட்டார்.

"ஐயோ, பாவம் அந்தத் தாய்," என்றார். "இதைச் செய்தவனைப் பிடித்துவிட்டீர்களா, மாத்தயா?"

அவர் கேட்டதை யோகம்மாவுக்குச் சொன்னேன். யோகம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கேல்லை, அவராத் தேடி வந்து சொன்னவர் எண்டு சொல்லுங்கோ தம்பி."

சொன்னேன். குணபாலவின் முகம் சிவந்தது. "சொல்லிவிட்டால் ஆயிற்றா? விட்டுவிடாதீர்கள் அவனை."

அதையும் ஒரு சொல் குறைக்காமல் யோகம்மாவுக்குச் சொன்னேன். இப்போதெல்லாம் நான் யாருடைய பேச்சையும் வெட்டுவதில்லை. அடுத்து நான் சொல்லவேண்டியது அந்தப் பெயரை. அதற்காக மூச்சை இழுத்தேன். யோகம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாளைக்குச் சொல்லலாம். வழக்கு அதின்ரை பாட்டில வரட்டும்," என்றார். "இப்ப அவரைச் சாப்பிட்டிட்டுப் படுக்கச் சொல்லுங்கோ. காய்ச்சல் மாறின உடம்பு, கனநேரம் இருக்கக்கூடாது."